தண்டவாளம் பெயர்த்த பின் நிலம் யாருக்கு?

அமெரிக்க ஐக்கிய நாட்டின் இருப்புப்பாதைகள் 1916ஆம் ஆண்டில் உச்ச நீளத்தை எட்டியபோது ஏறத்தாழ 2,54,000 மைல், அதாவது 4,09,000 கிலோமீட்டர், நீண்டிருந்தன. அதன் பின் வந்த நூறு ஆண்டுகளில் ஒரு லட்சம் மைலுக்கும் அதிகமான பாதை கைவிடப்பட்டது; அவ்வாறு கைவிடப்பட்டவற்றுள் 25,000 மைலுக்கு மேற்பட்ட தடங்கள் இன்று மக்கள் நடக்கவும் மிதிவண்டி ஓட்டவும் பயன்படும் பொதுப் பாதைகளாக உள்ளன. இந்த மாற்றத்தை இயற்கை ஆர்வலர்களின் வெற்றிக் கதையாக எழுதுவோர் உண்டு. தனியார் நிலத்தை அரசு பறித்துக்கொண்ட கதையாக எழுதுவோரும் உண்டு. இவ்விரு கூற்றுகளும் ஒரு முக்கியமான ஆவணத்தைக் கவனிக்கத் தவறுகின்றன. நூறு, நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் ஒரு விவசாயி ரயில் நிறுவனத்துக்கு எழுதிக் கொடுத்த பத்திரமே அந்த ஆவணம். பின்னாளில் எழுந்த பெரும்பாலான பிணக்குகளுக்கு வேர் அதில்தான் இருக்கிறது.

பத்திரம் சொல்வது

ரயில் நிறுவனங்கள் நிலத்தைப் பெற்ற வழிகள் பல. மேற்கு மாநிலங்களில் பெருமளவு நிலம் மத்திய அரசின் பொறுப்பில் இருந்ததால், 1862ஆம் ஆண்டின் பசிபிக் ரயில்பாதைச் சட்டம் முதற்கொண்டு பாதைக்கான நிலத்தோடு அதன் இருமருங்கிலும் பரந்த நிலப்பரப்புகளும் நிறுவனங்களுக்குக் கொடையாக வழங்கப்பட்டன. பொதுச் சொத்து இப்படி அள்ளிக் கொடுக்கப்படுவதைக் குடிமக்கள் எதிர்க்கத் தொடங்கியதால் 1871இல் அந்த வழக்கம் நின்றது. அதன் பின் 1875இல் இயற்றப்பட்ட பொதுச் சட்டம், அரசு நிலத்தின் ஊடே இருபுறமும் தலா 100 அடி அகலத்துக்குப் பாதை அமைத்துக்கொள்ளும் உரிமையை மட்டும் அளித்தது. மக்கள் முன்பே குடியேறியிருந்த கிழக்கு, நடு மாநிலங்களில் நிறுவனங்கள் நிலக்காரர்களிடம் நேரடியாகப் பத்திரம் எழுதி வாங்கின. உடன்படாதவர்களின் நிலத்தை மாநிலச் சட்டம் தந்த அதிகாரத்தைக் கொண்டு, மதிப்பீட்டாளர்கள் குறித்த தொகையைக் கட்டிவிட்டு எடுத்துக்கொண்டன.

இவ்வாறு பெறப்பட்ட உரிமை இரு வகைப்படும். ஒன்று, நிலத்தையே கிரயமாக வாங்கி அனுபவிக்கும் முழு உடைமை. மற்றொன்று, நிலம் பழைய சொந்தக்காரருடையதாகவே இருக்க, அதன்மேல் ரயில் ஓட்டிக்கொள்ளும் உரிமையை மட்டும் பெறுவது. நம் கிரயப் பத்திரங்களில் ‘மாமூல் வண்டிப்பாதை பாத்தியம்’ என்று எழுதப்படுவதற்கு இந்த இரண்டாம் வகை நெருங்கிய உறவுடையது; பாதையை உபயோகிக்கலாம், ஆனால் மண் அவருடையதன்று என்பதே அதன் பொருள். இத்தகைய பாத்தியம் எந்த நோக்கத்துக்காகத் தரப்பட்டதோ அந்த நோக்கம் முடிந்ததும் தானே அற்றுப்போகும் என்பதும், அதன்பின் நிலம் எவ்விதப் பளுவும் இல்லாமல் சொந்தக்காரரிடமோ அவருடைய வாரிசுகளிடமோ கிரயம் பெற்றவர்களிடமோ சேரும் என்பதும் அமெரிக்க மாநிலங்களின் சொத்துச் சட்டத்தில் நெடுங்காலமாக ஊன்றிய கொள்கைகள். ஒரே இருப்புப்பாதையின் நீளத்தில் ஒரு துண்டு முழுக் கிரயமாகவும், அடுத்த துண்டு பாத்தியமாகவும், அதற்கடுத்தது கட்டாயமாகக் கையகப்படுத்தப்பட்டதாகவும் இருப்பது இயல்பு. மேலிருந்து பார்க்கும்போது அறுபடாத ஒற்றைக் கோடாகத் தெரியும் பாதை, பத்திரப் பதிவகத்தின் ஏடுகளில் நூற்றுக்கணக்கான துண்டுகளின் ஒட்டாகவே இருந்தது.

ரயில் ஓடிய வரையில் இந்த வேறுபாட்டை எவரும் பொருட்படுத்தவில்லை. நிலக்காரர் வேலிக்கு அப்பால் உழுதார். நிறுவனம் வேலிக்குள் ரயில் ஓட்டியது. நிலம் மும்முறை கைமாறிய பின் அதை வாங்கியவர், வேலிக்கு அப்பாலுள்ள துண்டும் பத்திரப்படி தம்முடைய மண்தான் என்பதை அறியாமலே வாழ்ந்து முடித்ததும் உண்டு.

ரயில் நின்ற காலம்

இருப்புப்பாதையைக் கைவிடுவதற்கும் மத்திய அரசின் அனுமதி வேண்டும் என்பது 1920ஆம் ஆண்டின் போக்குவரத்துச் சட்டத்தால் வந்த விதி. 1887இல் நிறுவப்பட்ட மாநிலங்களிடை வணிக ஆணையம் அந்த அனுமதியை வழங்கும் அமைப்பாயிற்று. சிற்றூர்களின் வணிகம் ரயிலை நம்பியிருந்ததால் ஆணையம் எளிதில் இசையவில்லை. ஆனால் லாரியும் காரும் பெருகி, 1956ஆம் ஆண்டுச் சட்டத்தால் மாநிலங்களிடை நெடுஞ்சாலைகள் விரிந்த பிறகு, சரக்கும் பயணிகளும் சாலைக்குப் போயினர். 1970 ஜூன் மாதம் பென் சென்ட்ரல் என்னும் பெரும் ரயில் நிறுவனம் திவாலானபோது, நலிவு எவ்வளவு ஆழமானது என்பது நாடு முழுவதற்கும் தெரிந்தது. நிறுவனங்களைக் காப்பாற்ற வேண்டுமானால் நட்டத்தில் ஓடும் கிளைப்பாதைகளை உதறிவிட அவற்றை அனுமதிக்க வேண்டும் என்ற முடிவுக்கு அரசு வந்தது. 1976ஆம் ஆண்டின் ரயில் மறுசீரமைப்புச் சட்டமும் 1980ஆம் ஆண்டின் ஸ்டாகர்ஸ் சட்டமும் அதற்கு வழிவிட்டன. அவற்றின் பின் கைவிடப்படும் பாதைகள் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான மைல்களாகப் பெருகின.

கைவிடப்பட்ட தடம் சாதாரண நிலத்துண்டன்று. கனத்த ரயில் செங்குத்தாக ஏற இயலாது என்பதால் மேட்டை வெட்டியும் பள்ளத்தைத் தூர்த்தும், ஆற்றுக்குப் பாலமும் குன்றுக்குச் சுரங்கமும் அமைத்தும், பல மைல் தூரத்துக்கு மெல்லிய சரிவோடு அத்தடம் சமன் செய்யப்பட்டிருந்தது. தண்டவாளத்தையும் ஸ்லீப்பர் கட்டைகளையும் பெயர்த்தெடுத்து, எஞ்சிய ஜல்லியின் மேல் பொடித்த சுண்ணாம்புக்கல்லைப் பரப்பி உருளையால் அழுத்தினால், குழந்தையும் முதியவரும் சக்கர நாற்காலியில் வருபவரும் களைப்பின்றிச் செல்லத்தக்க பாதை கிடைத்துவிடுகிறது. இத்தகைய தடத்தை ஒரு முறை துண்டாக்கி விற்றுவிட்டால், வீடுகளும் கடைகளும் நிறைந்த நாட்டில் மீண்டும் அதை ஒன்றுசேர்க்க எந்தக் கருவூலத்தாலும் இயலாது.

முதல் பாதைகள்

விஸ்கான்சின் மாநிலத்தில் எல்ராய், ஸ்பார்ட்டா ஆகிய இரு சிற்றூர்களை இணைத்த 32 மைல் தடத்தைச் சிகாகோ அண்ட் நார்த் வெஸ்டர்ன் நிறுவனம் கைவிட்டபோது, மாநில அரசு 1965இல் அதை 12,000 டாலருக்கு வாங்கியது. 1967இல் திறக்கப்பட்ட அப்பாதை, இருப்புப்பாதை பொதுப் பாதையாக மாறியதற்கு நாட்டின் தொடக்ககால எடுத்துக்காட்டாகப் போற்றப்படுகிறது. அதன் மூன்று சுரங்கங்களில் மிக நீண்டது முக்கால் மைல் அளவினது. 1870களில் பாறையைக் குடைந்து முடிக்க மூன்று ஆண்டுகள் ஆயின. பாறை இடுக்குகளில் கசியும் நீர் குளிர்காலத்தில் உறைந்து விரிந்தால் கூரை பிளந்துவிடும் என்பதற்காகச் சுரங்கங்களின் வாயில்களில் இருபது அடி உயரமுள்ள மரக்கதவுகள் பொருத்தப்பட்டன. அருகிலுள்ள குடிலில் தங்கிய காவலாள் ரயில் வரும்போது அவற்றைத் திறந்து, போனதும் சாத்தினார். இன்று அச்சுரங்கத்துக்குள் செல்பவர், சைக்கிளை விட்டு இறங்கி, கையில் விளக்கோடு, தலைமேல் சொட்டும் நீரின் ஒலியைக் கேட்டபடி மறுவாயிலின் வெளிச்சப் புள்ளியை நோக்கி நடக்க வேண்டும். ரயில் தொழிலாளரின் உழைப்பைக் கண்ணால் காணவும் உடலால் உணரவும் அங்கு முடிகிறது. பாதையாகக் காக்கப்படாமல் போயிருந்தால் அச்சுரங்கம் கல்லும் மண்ணும் நிறைந்த பொந்தாகியிருக்கும்.

சிகாகோவின் மேற்குப் புறநகர்களில் கதை வேறு வகையில் நடந்தது. சிகாகோ அரோரா அண்ட் எல்ஜின் என்னும் மின்சார ரயில் நிறுவனம் 1957 ஜூலை 3ஆம் நாள் நண்பகலில் பயணிகள் வண்டிகளை நிறுத்தியதால், காலையில் அதே ரயிலில் வேலைக்குப் போனவர்கள் மாலையில் வீடு திரும்ப வழியின்றித் தவித்தனர். சில ஆண்டுகளில் அந்தப் பாதை முற்றிலும் கைவிடப்பட்டது. மார்ட்டன் தாவரப் பூங்காவைச் சேர்ந்த இயற்கையியலாளர் மே தீல்கார்ட் வாட்ஸ், இங்கிலாந்தின் பொது நடைபாதைகளில் நடந்து பழகியவர். புல்டோசர்கள் வருவதற்குள் அத்தடத்தை நடைபாதையாக்க வேண்டும் என்று வேண்டி அவர் எழுதிய கடிதம் 1963 செப்டம்பரில் ‘சிகாகோ டிரிபியூன்’ நாளிதழில் வெளியாயிற்று. அக்கடிதத்திலிருந்து பிறந்த மக்கள் முயற்சியே இன்று ஏறத்தாழ 60 மைல் நீளமுள்ள இல்லினாய்ஸ் பிரெய்ரி பாதை.

தடச் சேமிப்பு என்னும் வழி

முதல் பாதைகளின் வெற்றி பிற ஊர்களுக்கு ஆசையூட்டியதென்றாலும், பாத்தியமாக மட்டும் பெறப்பட்ட தடங்களில் சட்டம் குறுக்கே நின்றது. ஆணையம் ஒரு பாதையைக் கைவிட அனுமதித்த கணமே பாத்தியம் அற்று, நிலம் பக்கத்துச் சொந்தக்காரர்களிடம் போய்விடும். நடுவே ஒரே ஒரு துண்டு போனாலும் முழுத் தடமும் பயனற்றதாகிவிடும். இந்த முட்டுக்கட்டையை நீக்க, 1968ஆம் ஆண்டின் தேசியப் பாதைகள் சட்டத்துக்கு 1983 மார்ச் மாதம் ஒரு திருத்தம் கொண்டுவரப்பட்டது. ரயில்பேங்கிங் என்று வழங்கப்படும் ‘தடச் சேமிப்பு’ முறைக்கு அடித்தளம் அத்திருத்தமே.

அதன் செயல்முறை எளிமையானது. நிறுவனம் பாதையைக் கைவிட விரும்பும்போது, ஓர் ஊராட்சியோ மாநில அமைப்போ தகுதியுள்ள தனியார் சங்கமோ முன்வந்து, தடத்தின் பராமரிப்பு, வரி, சட்டப் பொறுப்பு ஆகியவற்றை ஏற்பதாக எழுதித் தர வேண்டும். நிறுவனமும் இசைந்தால், இருதரப்பும் பேசி முடிக்கத் தவணை தரப்படும், தொடக்கத்தில் அது 180 நாளாக இருந்தது. உடன்பாடு ஏற்பட்டால் தண்டவாளம் நீக்கப்படலாம், மக்கள் நடக்கலாம். ஆயினும் சட்டத்தின் பார்வையில் அப்பாதை கைவிடப்பட்டதாகாது, பிற்காலத்தில் தேவை வந்தால் மீண்டும் ரயில் ஓட்டுவதற்காகச் சேமித்து வைக்கப்பட்டதாகவே கருதப்படும். கைவிடப்படாததால் பாத்தியம் அறாது. பாத்தியம் அறாததால் நிலம் திரும்பாது. இவ்வாறு சேமிக்கப்பட்ட தடங்களில் மிகச் சிலவே மீண்டும் ரயிலுக்குப் போயின என்றாலும், அந்த வாய்ப்பே முழு ஏற்பாட்டையும் தாங்கும் தூணாயிற்று. 1986இல் டேவிட் பர்வெல், பீட்டர் ஹார்னிக் ஆகியோர் தொடங்கிய ரயில்ஸ் டு டிரெயில்ஸ் கன்சர்வன்சி என்னும் அமைப்பு, கைவிடப்படவிருக்கும் பாதைகளைக் கண்காணித்து, அவற்றைத் தடச் சேமிப்பில் சேர்க்குமாறு ஊர்களைத் தூண்டியது.

வேலிக்கு அப்பாலிருந்த அச்சமும் வழக்கும்

பாதையை ஒட்டி வாழ்ந்தவர்களுக்கு இரு குறைகள் இருந்தன. அவற்றைத் தனித்தனியே நோக்குவதே நேர்மை. முதலாவது, அச்சம். பின்கட்டு வழியே முன்பின் தெரியாதவர்கள் நாள்தோறும் போவார்கள், திருட்டு நடக்கும், குப்பை சேரும், வீட்டின் மதிப்புக் குறையும் என்று அவர்கள் கூட்டங்களில் வாதிட்டனர். சியாட்டில் நகரில் 1978இல் திறக்கப்பட்ட பர்க்-கில்மன் பாதைக்கும் இவ்வகை எதிர்ப்பு இருந்தது. அந்நகரின் பொறியியல் துறை 1987இல் வெளியிட்ட ஆய்வு, பாதையால் குற்றங்கள் பெருகவில்லை என்றும், அதற்கு அருகில், ஆனால் அதை ஒட்டி அமையாத வீடுகள் சராசரியாக 6 விழுக்காடு கூடுதல் விலைக்கு விற்பதாக வீட்டுமனை முகவர்கள் கருதினர் என்றும் காட்டியது. ஐயோவா, ஃபுளோரிடா, கலிஃபோர்னியா ஆகிய மாநிலங்களின் மூன்று பாதைகளைத் தேசியப் பூங்காப் பணித்துறையும் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகமும் ஆராய்ந்து 1992இல் வெளியிட்ட அறிக்கையும், பக்கத்து நிலக்காரர்களில் பெரும்பாலோர் பாதையை ஏற்றுக்கொண்டதையே பதிவு செய்தது. அச்சம் பெரும்பாலும் காலத்தால் கரைந்தது.

இரண்டாவது குறை அவ்வாறு கரையக்கூடியதன்று. ஏனெனில் அது உணர்ச்சியைச் சார்ந்ததன்று, பத்திரத்தைச் சார்ந்தது. வெர்மான்ட் மாநிலத்தின் பெர்லிங்டன் நகரில் சாம்ப்லைன் ஏரிக்கரையை ஒட்டிய நிலத்துக்குரிய தம்பதியர் தொடுத்த வழக்கு இதற்கு முதன்மையான சான்று. அவர்கள் நிலத்தின் குறுக்கே 1899இல் போடப்பட்ட ரயில்பாதையின் தண்டவாளங்கள் 1975இல் பெயர்த்தெடுக்கப்பட்டன. ஆயினும் 1986இல் அத்தடத்தை நகரின் பொதுப் பாதையாக்க ஆணையம் இசைந்தது. 1990 பிப்ரவரியில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், நீதிபதி பிரென்னன் எழுதிய ஒருமித்த தீர்ப்பில், 1983ஆம் ஆண்டின் திருத்தம் செல்லும் என்றது. அதனால் எவருடைய சொத்தாவது எடுக்கப்பட்டதாக ஆகுமானால், அரசியலமைப்பின் ஐந்தாம் திருத்தம் உறுதியளிக்கும் இழப்பீட்டை அரசிடம் கோரலாம் என்றும் வழிகாட்டியது.

அவ்வழியே சென்ற வழக்கு 1996இல் மத்தியச் சுற்று மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் முடிவுக்கு வந்தது. பாதை என்பது பாதையே, அதில் ரயில் போனாலென்ன, சைக்கிள் போனாலென்ன என்ற வாதத்தை நீதிமன்றம் ஏற்கவில்லை. ஒரு வணிக நிறுவனம் கட்டணம் வாங்கிக்கொண்டு சரக்கையும் ஆட்களையும் ஏற்றிச் செல்வது வேறு, பொதுமக்கள் பொழுதுபோக்குக்காகவும் உடற்பயிற்சிக்காகவும் வந்து போவது வேறு. 1899இல் நிலம் கொடுத்தவர் இரண்டாவதை எண்ணிக் கொடுத்திருக்க முடியாது என்று அது கருதியது. ஒரு துண்டின் பத்திர வாசகம் முழுக் கிரயம் போலவே தோன்றினாலும், ரயில் நிறுவனம் முன்னரே நிலத்தை அளந்து குறித்துவிட்ட பிறகு எழுதப்பட்டதால், வெர்மான்ட் சட்டப்படி அதுவும் பாத்தியமே என்று அது முடிவு செய்தது. பாதை பாதையாகவே நீடித்தது. அதன் விலையை மத்திய அரசு தர வேண்டியதாயிற்று.

மிசௌரி மாநிலத்தின் கேட்டி பாதையும் இதே வழியில் சென்றது. 1986இன் ஆற்று வெள்ளத்தால் சிதைந்த மிசௌரி-கேன்சஸ்-டெக்சஸ் நிறுவனத்தின் தடத்தை மாநில அரசு தடச் சேமிப்பின் கீழ்ப் பெற்றது. அதை வாங்கவும் சீரமைக்கவும் டெட் ஜோன்ஸ், பேட் ஜோன்ஸ் தம்பதியர் 20 லட்சம் டாலருக்கு மேல் கொடையளித்தனர். ஏறத்தாழ 240 மைல் நீளமுள்ள அப்பாதையால் ஆற்றங்கரைச் சிற்றூர்களில் விடுதிகளும் உணவகங்களும் பிழைத்தெழுந்தன. அதே வேளையில் அதையொட்டிய நிலக்காரர்கள் தொடுத்த வழக்கில் அவர்களுக்கு இழப்பீட்டு உரிமை உண்டென்று 2000ஆம் ஆண்டில் மத்தியக் கோரிக்கை நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

அரசு நிலத்தின் மேல் 1875ஆம் ஆண்டுச் சட்டப்படி பெறப்பட்ட தடங்களின் நிலை 2014 மார்ச் மாதம் தெளிவாயிற்று. வையோமிங் மாநிலத்தின் வனப்பகுதியில் 1908இல் பெறப்பட்ட 66 மைல் தடம் தடச் சேமிப்பில் சேர்க்கப்படாமல் முழுதாகக் கைவிடப்பட்டிருந்தது. அதன் ஒரு பகுதி, 1976இல் அரசு தனியாருக்கு வழங்கிய 83 ஏக்கர் நிலத்தின் ஊடே சென்றது. கைவிடப்பட்ட தடம் தனக்கே திரும்பும் என்று அரசு வாதிட்டது. ரயில் நிறுவனம் பெற்றது வெறும் பாத்தியமே, அது அற்றதும் நிலம் சொந்தக்காரரையே சேரும் என்று தலைமை நீதிபதி ராபர்ட்ஸ் எழுதிய தீர்ப்பு எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் வந்தது. 1942இல் வேறொரு வழக்கில் அச்சட்டம் பாத்தியத்தை மட்டுமே தந்தது என்று வாதிட்டு வென்றது இதே அரசு என்பதைத் தீர்ப்பு சுட்டிக்காட்டியது. உரிய காலத்தில் சேமிக்கப்படாத தடம் போனது போனதுதான் என்னும் பாடத்தை இவ்வழக்கு விட்டுச்சென்றது.

மாறிய காற்று

நியூயார்க் நகரில் நிலைமை தலைகீழாயிற்று. 1934இல் திறக்கப்பட்ட ஹை லைன் என்னும் உயர்மட்டச் சரக்குப் பாதையில் கடைசி ரயில் 1980இல் ஓடியது. அதன் கீழுள்ள நிலத்துக்குரியவர்கள் அதை இடித்துத் தள்ள வேண்டும் என்று ஆண்டுக்கணக்கில் போராடினர். 1999இல் தொடங்கிய மக்கள் அமைப்பின் முயற்சியால் அப்பாதை தடச் சேமிப்பில் சேர்ந்தது. நகர அரசு 2005இல் மேற்கு செல்சி பகுதியின் கட்டட விதிகளை மாற்றி, பாதையின் கீழ் கட்ட இயலாமற்போகும் கட்டடப் பரப்பளவை அப்பகுதியின் வேறு மனைகளுக்கு விற்றுக்கொள்ள நிலக்காரர்களுக்கு உரிமை தந்தது, எதிர்ப்பு அடங்கிற்று. 2009இல் அப்பாதை பூங்காவாகத் திறக்கப்பட்டபின் சுற்றியிருந்த வீடுகளின் விலை ஏறி, பழைய குடியிருப்பாளர்களும் சிறுகடைக்காரர்களும் வாடகை தாங்க முடியாமல் வெளியேற நேர்ந்தது. பொதுப் பாதை வீட்டின் மதிப்பைக் குலைக்கும் என்று ஒரு தலைமுறை அஞ்சியது. அது மதிப்பை மிகையாக உயர்த்திவிடும் என்று அடுத்த தலைமுறை அஞ்சுகிறது.

இந்த வரலாற்றை முழுமையாக நோக்கும்போது, பொதுநலனும் தனியுரிமையும் ஒன்றையொன்று அழிக்க வந்த பகைகள் அல்ல என்பது விளங்குகிறது. தடத்தைத் துண்டாக்காமல் காத்த 1983ஆம் ஆண்டின் திருத்தம் தொலைநோக்குடையது. அது இல்லையென்றால் மலைகளைக் குடைந்தும் ஆறுகளைக் கடந்தும் முந்தைய தலைமுறையினர் அமைத்த பெருஞ்செல்வம் கொல்லைப்புறத் துண்டுகளாகச் சிதறிப்போயிருக்கும். அதே அளவுக்கு, தாத்தா எழுதிய பத்திரத்தில் இல்லாத ஒன்றை அவர் பேரன்மீது இலவசமாகச் சுமத்தக் கூடாது என்ற 1996ஆம் ஆண்டின் தீர்ப்பும் அறம் வழுவாதது. ஊரார் அனைவரும் நடந்து மகிழும் பாதையின் செலவை, அதன் ஓரத்தில் வீடு கட்டிய ஒருவர் மட்டும் சுமப்பது நியாயமன்று. அவர் ஒருவரின் மறுப்பால் ஊரார் அனைவரும் பாதையை இழப்பதும் நியாயமன்று. பாதை பொதுவில் நிற்கட்டும், அதன் விலையைப் பொதுவே கொடுக்கட்டும் என்பதே நீண்ட வழக்குகளின் முடிவில் அந்நாடு கண்ட நியாயம். பழைய தடங்களைப் பொதுவுக்கு மீட்க விரும்பும் எந்த நாடும் தொடங்க வேண்டிய இடம் அதுதான்.